கேட்டவர் கையெழுத்து

கட்டட வேலையை மேற்பார்த்த அந்த ஓவசியர் "முடியாது" என்று சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் வீட்டைக் கட்டிய ஒன்றேகால் வருடத்தில் இருபத்திமூன்று தடவை வேலையை மாற்றச் சொன்னார்கள். கட்டிய சுவரை இடிக்கச் சொன்னார்கள். இடித்த இடத்தில் யன்னல் வைக்கச் சொன்னார்கள். வைத்த யன்னல் பெரிதாய்ப் போய்விட்டது, சின்னதாக்கு என்றார்கள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்.

"செய்யலாம். ஆர் கேக்கிறது?"

கேட்கிறவர் அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார். ஆனாலும் கேட்பார். அந்த ஆள் தன் வாயால் "நான்தான்" என்று சொன்ன பிறகுதான் கமக்கட்டுக்குள் இருக்கும் கொப்பி வெளியே வரும். நீளக் கொப்பி, தடித்த மட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்திருப்பார். கேட்டது என்ன, கேட்டவர், சம்மதித்தவர், இதனால் வருவது. கடைசிப் பத்தியை அவரே எழுதுவார். ஆறுதலாக, ஒரு எழுத்தும் மற்றதில் முட்டாமல் எழுதுவார். பிறகு கொப்பியைத் திருப்பி நீட்டி, "வாசிச்சிட்டு ஒரு கையெழுத்து வையுங்கோ" என்பார்.

நல்ல மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் நல்லவரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என்னைப் பற்றியும் அப்படி ஒன்றும் பெருமையாகச் சொல்வதற்கில்லை.

புத்தூரில் அது என் சீதன வீடு. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். மாப்பிள்ளை வீடு மானிப்பாய். அவருக்குத் தகப்பன் இல்லை, தாய்மாமன்தான் எல்லாம். பெரிய மாமா என்று அவரைச் சொல்வோம். கொழும்பில் பெரிய இஞ்சினியராக இருந்து, எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எல்லோரையும் போல அகதியாய்க் கப்பலில் வந்து இறங்கியவர். பெண் பார்க்க வந்த அன்று, நான் யன்னலுக்குப் பின்னால் நிற்பது தெரிந்துகொண்டே முற்றத்தில் நின்று சொன்னார்:

"பொம்பிளைக்கு வயது கொஞ்சம் கூடத்தான். வீட்டையாவது திறமாய்க் கட்டிக் குடுக்கட்டும்."

அம்மா எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். எனக்கு நன்றாகவே கேட்டது. அன்றே அதை மனதில் எழுதி வைத்துவிட்டேன்.

அத்திவாரம் வெட்டிய கிழமை ஓவசியர் தானாகவே எங்களைத் தேடி வந்தார். ஊர் பருத்தித்துறை, முந்தி அரசாங்கத்தில் இருந்தவர், இப்போது வெளி வேலை எடுத்துச் செய்கிறார் என்றார். அப்பாவுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்றே நாங்கள் பேசிக்கொண்டோம். ஒவ்வொரு நாளும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். காக்கிக் காற்சட்டை, வெள்ளைச் சேர்ட், காதில் பென்சில். பத்து மணிக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி. ஆட்களிடம் குரலை உயர்த்த மாட்டார். தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உது சாயுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பால் போவார். மேசன் தானாகவே இடித்துக் கட்டுவான்.

கையெழுத்து விஷயத்தில் அவருக்கு ஆள் பேதம் கிடையாது. குசினித் தட்டை ஒரு முழம் தள்ளி வைக்கவேண்டும் என்று அம்மா கேட்டாள். அதற்கும் கொப்பி வந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அம்மா எதிலும் கையெழுத்து வைத்ததில்லை. பழைய கலண்டரின் பின்பக்கத்தில் நாலைந்து தடவை எழுதிப் பழகிவிட்டு வந்து வைத்தாள். அவர் சிரிக்கவில்லை. "நல்ல கையெழுத்து" என்றார். அம்மா அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சம்மதித்தவர் என்ற பத்திக்கு அப்பா கையெழுத்து வைக்கப் போனபோது அவர் விடவில்லை.

"வீடு ஆரின்ரை பேரிலை எழுதப் போறியள்?"

"பிள்ளையின்ரை பேரிலை."

"அப்ப பிள்ளைதான் சம்மதிக்கவேணும்."

கலியாணத்துக்குக்கூட என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவர் நீட்டிய பேனையை இரண்டு கையாலும் வாங்கினேன். அந்த மனிதருக்காக எதையும் செய்யலாம் என்று அன்று நினைத்தேன். பிறகு செய்தும் விட்டேன்.

பெரிய மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். சீதன வீடு கட்டும்போது மாப்பிள்ளை பகுதி வந்து பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். இவர் கைத்தடியால் சுவரைத் தட்டித் தட்டிக் கட்டளை போட்டார். முதல் ஞாயிறு ஓவசியர் அவரிடம், "ஐயா முந்தி வன்னிப் பக்கம் வேலை செய்தனீங்களோ?" என்று கேட்டார். "எங்கைதான் செய்யேல்லை" என்று மாமா முகத்தைப் பார்க்காமலே சொன்னார். ஓவசியர் காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பொக்கற்றில் போட்டுவிட்டுப் பேனையை எடுத்தார். அன்றைக்குப் பிறகு மாமாவின் மாற்றங்களை அவர் பென்சிலால் எழுதியதே இல்லை.

குசினியை மேற்கே மாற்றச் சொன்னார் மாமா. இதனால் வருவது: "புகை சாமியறைக்குள் வரும்." மாமா கையெழுத்து வைத்தார். பக்கக் கதவை அடைக்கச் சொன்னார். இதனால் வருவது: "படலையால் வருகிறவர்கள் முன்வாசலால் மட்டுமே உள்ளே வரலாம்." கையெழுத்து வைத்தார். பெரிய, சுழித்த, பக்கத்துப் பத்திக்குள் போய் விழுகிற கையெழுத்து. வாசித்துப் பார்த்துவிட்டு வையுங்கோ என்று ஓவசியர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். மாமா ஒரு தடவையும் வாசித்ததில்லை. ஆயிரம் கடதாசியில் கையெழுத்துப் போட்ட கைக்கு, ஒரு ஓவசியரின் கொப்பியை வாசிப்பது மரியாதைக் குறைவாக இருந்திருக்கும்.

நான் எல்லாவற்றையும் வாசித்தேன். வாசித்துவிட்டு அப்பாவைப் பார்ப்பேன். அப்பா, "வைச்சு விடு பிள்ளை, ஒரு யன்னலுக்காகக் கலியாணப் பேச்சுக்காலைக் குழப்பாதை" என்பார். வைத்து விடுவேன்.

ஓவசியருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. கிணற்றடியில் தண்ணீர்த் தாங்கிக்குக் கொங்கிறீட் கூரை போட்டார்கள். அதை நாங்கள் பிளாட் என்போம். இருபத்தெட்டு நாள் கழித்து, தாங்கிப் பிடித்த பனங்குத்தி முட்டுகளைக் கழற்றும்போது அவர் நேரே அதன் கீழே போய் நின்றார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. ஆட்கள் இரும்பு அலவாங்கால் முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி விழுத்த, அவர் மேலே பார்க்காமல் குடித்து முடித்தார்.

"பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"நான் போட்ட பிளாட் பிள்ளை. அதுக்குக் கீழை நிக்கப் பயமெண்டால் போடக்கூடாது."

இருபத்திமூன்றாவது மாற்றம் முன்வாசல் போர்ட்டிக்கோவில் வந்தது. பிளாட்டின் முன்மூலைகளைத் தாங்க இரண்டு தூண். வலப்பக்கத் தூண் தன் கார் திரும்பும்போது இடைஞ்சல், அதை எடு என்றார் மாமா.

"செய்யலாம். அப்ப கம்பியும் பீமும் வேறை மாதிரிப் போடவேணும். ஐயா வரைஞ்சு தந்தால் நல்லது."

"அதெல்லாம் தேவையில்லை. கம்பி அப்பிடியே கிடக்கட்டும். கொழும்பிலை நான் எத்தினை போட்டிருக்கிறன். நீர் தூணை மட்டும் எடும்."

"ஆர் கேக்கிறது?"

"நான்தான் காணும். எத்தினை தரம் சொல்லுறது?"

ஓவசியர் எழுதினார். மாமா கையெழுத்து வைத்தார். கொப்பி என்னிடம் வந்தது. கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: "கம்பி மாற்றாமல் தூணை எடுத்தால் பிளாட் நிற்காது. முட்டுகளைக் கழற்றினால் கீழே நிற்பவர் சாவார்."

நான் நிமிர்ந்து ஓவசியரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறந்திருக்கலாம். அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம். பொம்பிளைக்கு வயது கொஞ்சம் கூடத்தான் என்ற குரல் காதில் கேட்டது. கையெழுத்து வைத்தேன்.

முட்டுக் கழற்றும் நாள் ஞாயிறாகப் பார்த்து வைத்தவர் ஓவசியர்தான். இரண்டு பகுதிச் சனமும் முற்றத்தில் நின்றது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். இரண்டு ஆட்கள் அலவாங்கோடு முட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஓவசியர் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே மாமாவிடம் போய் நீட்டினார்.

"ஐயா, உதைக் கொண்டுபோய்க் கீழை நிண்டு குடியுங்கோ."

"நானோ? ஏன்?"

"என்ரை பிளாட்டுக்குக் கீழை நான் நிக்கிறனான். உது உங்கடை பிளாட். கேட்டவர் நிக்கட்டும்."

மாமா மேலே பார்த்தார். இரும்பும் சீமெந்தும் படித்த மனிதர். அன்றுதான் அந்தப் பிளாட்டை இஞ்சினியராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் முகத்தில் இரத்தம் இறங்குவதைச் சனம் முழுவதும் பார்த்தது. ஒரு அடி பின்னால் வைத்தார்.

ஓவசியர் கொப்பியை விரித்து இருபத்திமூன்றாவது மாற்றத்தைக் கடைசி எழுத்துவரை வாசித்தார்.

"நான் உதை வாசிக்கேல்லை" என்றார் மாமா.

"அண்டைக்கு 'நான் சொல்லேல்லை' எண்டனீங்கள். இண்டைக்கு 'வாசிக்கேல்லை' எண்டுறியள்."

கொப்பியின் முதல் பக்கத்துக்குப் புரட்டினார். மை மங்கிய பக்கம். "உது நடந்தாப் பிறகு நான் எழுதினது. பொய் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு வாசித்தார். இருபது வருடத்துக்கு முந்திய கதை. வன்னியில் ஒரு பள்ளிக்கூடம் கட்டும்போது பதினெட்டு அங்குல பீமைப் பன்னிரண்டாகக் குறைக்கும்படி இஞ்சினியர் வாயால் சொன்னார். ஓவசியர் செய்தார். கேட்டவர் பத்தியில் பதவியும் பெயரும் மட்டும், கையெழுத்து வைக்கிற இடம் வெறுமை. பீம் இறங்கியது. விசாரணையில் இஞ்சினியர், தான் அப்படிச் சொல்லவே இல்லை, ஓவசியர் தன் எண்ணத்துக்குச் செய்தது என்றார். ஓவசியரின் வேலை போனது.

"மிச்சத்தை ஐயா வாசியுங்கோ" என்று கொப்பியை நீட்டினார்.

மாமாவுக்கு அப்போதுதான் ஆளைத் தெரிந்தது. கொப்பியைக் கைத்தடியால் தட்டிவிட்டார். "இந்தக் கலியாணம் எப்பிடி நடக்குதெண்டு பாப்பம்" என்றார். அப்பா ஓவசியரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையிலோ உங்கடை கணக்கைத் தீர்க்கிறியள்?" என்று அழுதார். நியாயமான கேள்விதான்.

அந்த நேரம்தான் மாப்பிள்ளை வாய் திறந்தார். ஒன்றேகால் வருடமும் மாமாவுக்குப் பின்னால் நின்று நிலத்தைப் பார்த்த மனிதர். விழுந்து கிடந்த கொப்பியை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"நான் ஒரு மாற்றம் கேக்கலாமோ?"

ஓவசியர் நிமிர்ந்தார். "கேக்கலாம். ஆர் கேக்கிறது?"

"நான்தான். முட்டு அப்பிடியே இருக்கட்டும். கழட்ட வேண்டாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"வீட்டுக்காரி சொல்லும் வரைக்கும்."

ஓவசியர் நிலத்தில் குந்தியிருந்து எழுதினார். இதனால் வருவது: "பார்க்கிறவர்கள் காரணம் கேட்பார்கள்." மாப்பிள்ளை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். நானும் வைத்தேன். கலியாணத்துக்கு நான் சம்மதித்தது அந்த இடத்தில்தான், தாலி கட்டிய அன்று இல்லை.

"முட்டு நிக்கிற வாசலுக்கு நான் கால் வைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு மாமா காரில் ஏறினார்.

வேலை முடிந்து போகிற அன்று ஓவசியர் கொப்பியை என்னிடம் தந்தார். "உதை நீங்கள் வைச்சிருங்கோ. அவர் ஒரு நாளைக்கு வருவார்."

"எங்களைத் தேடி வந்தது இதுக்குத்தானோ?" என்று கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. "எண்பத்துமூண்டிலை கப்பல் வந்தநேரம் சனமெல்லாம் தங்கடை சொந்தக்காரரைத் தேடித் துறைமுகத்துக்கு ஓடிச்சுது. நான் உந்த இஞ்சினியரைத் தேடிப் போனனான் பிள்ளை. அழுதுகொண்டு இறங்கின அவ்வளவு சனத்துக்கையும் உவர் உயிரோடை வாறாரோ எண்டுதான் பாத்தனான். வந்தார். எனக்குச் சந்தோஷமாய் இருந்தது."

அதைச் சொன்னபோது அவர் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. கொப்பியை வாங்கி அலுமாரிக்குள் வைத்தேன்.

பனங்குத்திகள் வாசலில் நின்றன. வந்தவர்கள் எல்லோரும் காரணம் கேட்டார்கள். நான் எல்லோருக்கும் சொன்னேன். விரும்பிச் சொன்னேன், கொப்பியை எடுத்து வந்து காட்டிச் சொன்னேன். மானிப்பாய்க்குப் போகிற ஆட்களுக்குக் கூடுதல் விபரமாகச் சொன்னேன். சாமியறைக்குள் புகை வந்தது, கண் எரிந்தது. அந்த நேரமெல்லாம் மாமாவின் சுழித்த கையெழுத்து நினைவுக்கு வரும், இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கும்.

எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய ஆமி ஷெல் அடிக்கத் தொடங்கியபோது மானிப்பாய்ச் சனம் திசைக்கொன்றாய் ஓடியது. ஒரு பின்னேரம், கொட்டுகிற மழையில், மாமாவும் அவருடைய மனைவி மாமியும் எங்கள் படலையில் வந்து நின்றார்கள். கார் இல்லை, கைத்தடியும் இல்லை. நான் ஓடிப்போய் மாமியைக் குடைக்குள் இழுத்துக் கூட்டிவந்தேன். மாமா முட்டுகளைப் பார்த்துக்கொண்டு மழையிலேயே நின்றார். பக்கக் கதவு இருந்தால் அதால் வந்திருப்பார். அதை அடைத்தது ஒன்பதாவது மாற்றம்.

நான் உள்ளே போய்க் கொப்பியை எடுத்தேன். பேனை கிடைக்கவில்லை. என் கணவர் தேடி எடுத்துத் தந்தார்.

"முதல் பக்கத்திலை ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு மாமா. வைச்சிட்டு உள்ளுக்கு வாங்கோ."

எழுபது வயது மனிதர், தாடையால் தண்ணீர் வழிந்தது. குடையைக் கொப்பிக்கு மேலேதான் பிடித்தேன், அவர் தலைக்கு மேலே இல்லை. அவர் பேனையை வாங்கி, வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில் கையெழுத்து வைத்தார். முட்டுகளுக்கு நடுவால் குனிந்து உள்ளே போனார். அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். பிழை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

மானிப்பாய் வீடு உடைந்துபோனதால் அவர்கள் எங்களோடேயே இருந்தார்கள். கார்த்திகையில் பாதை திறந்ததும் ஓவசியர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மெலிந்து போயிருந்தார். ஷெல் அதிர்ச்சியில் முட்டு நகர்ந்திருக்குமோ என்று பார்க்க வந்தேன் என்றார். ஒவ்வொரு குத்தியாகத் தட்டிப் பார்த்தார். நான் கொப்பியைக் கொண்டுவந்து முதல் பக்கத்தை விரித்துக் காட்டினேன். பரிசு வாங்கிய பிள்ளை தாயிடம் காட்டுவதுபோலத்தான் காட்டினேன்.

நனைந்து சுருங்கிய கடதாசியை அவர் வெகுநேரம் பார்த்தார். அந்தக் கையெழுத்தைத் தடவிக்கூடப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாசிச்சவரோ?"

மழையில், குனிந்து, ஒரு நொடியில் வைத்த கையெழுத்து. மாமா வாசிக்கவில்லை. எப்போதும் போல வாசிக்கவில்லை.

"இல்லை."

"அப்ப உது கையெழுத்தில்லைப் பிள்ளை" என்று கொப்பியைத் திருப்பித் தந்தார்.

நான் நேரே அறைக்குள் போனேன். மாமா சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். கொப்பியை அவர் மடியில் வைத்து, மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"வாசியுங்கோ மாமா. வாசல்வரைக்கும் கேக்க வாசியுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டார். பள்ளிக்கூடம், பீம், பதினெட்டு அங்குலம், பன்னிரண்டு அங்குலம் எல்லாவற்றையும் வாசித்தார். கேட்டவர் என்ற இடத்தில் தன் பதவியையும் பெயரையும் வாசித்தார். பீம் இறங்கியது என்று வாசித்தார். அதற்குக் கீழே, முற்றத்தில் அன்று ஓவசியர் வாசிக்காமல் விட்டது இருந்தது. சாந்து குழைக்க வந்த ஒரு பெண்ணின் பெயர், வயது இருபத்திரண்டு, வலது கால் முழங்காலோடு போனது.

அந்த வரிக்கு வந்ததும் மாமாவின் உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. கொப்பியை மெல்ல மூடப் போனார்.

வாசலில், முட்டுகளுக்கு நடுவிலிருந்து, ஓவசியரின் குரல் கேட்டது. உயர்த்தாத குரல்தான்.

"இன்னும் ஒரு வரி இருக்கு, ஐயா."